அந்தாண்ட பக்கமா போற பிளேனு

இல்ல கண்ணு, மெட்ராஸ்லருந்து இல்ல. மெட்ராஸ வுட்டுடு, அது இதுல வரவே வராது. ஆக்லாந்துன்னு போடு. ஆமா, நியூசிலாந்து தான். அங்கருந்து டொரான்டோ. கனடால கீதே, அது. பிளேனுல போனா எத்தினி கிலோமீட்டரு, எவ்ளோ நேரம், அத்த மட்டும் பாத்து சொல்லு. எனக்கு போன்ல பேசத் தெரியும், படம் பாக்கத் தெரியும். இந்த மாதிரி தேடச் சொன்னா அது எங்கியோ இஸ்துனு போய் பொடவ விக்கிற கடைல வுட்டுடுது.

பதினாலாயிரம் கிட்டயா? யப்பா.

நாம வல்லக்கோட்டை ஸ்டாப்பிங்ல பஸ் ஏறி முக்கா மணி நேரமாச்சு, இன்னும் ஒரகடம் மேம்பாலத்தயே தொடல. தோ பாரு, கன்டெய்னர் லாரிங்கல்லாம் மாடு படுத்தா மாதிரி படுத்துகினு கீது. ஷிப்டு வுடற நேரம் வேற. ட்ரைவரு இன்ஜின ஆஃப் பண்ணிட்டாரு, இனிமே எப்ப எடுப்பாரோ. உனக்கு ஒன்னும் அவசரம் இல்லியே? ஹாஸ்டலுக்குத் தானே போற. எனக்கா? எனக்கு ஆறு ஆறரைக்குள்ள வரச் சொல்லிக்கீறாங்க. கொஞ்சம் முன்னபின்ன ஆனா ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஒரு சின்ன வேல. அந்தப் பைய நீ மடில வெச்சிக்க வாணாம், கீழ வையி. துணி தான் கீது.

நேரம் இன்னா போட்டுக்கீது? பதினேழு மணி நேரமா. அது நேரா போனா. நேரா போற பிளேனே கெடையாதாம், சும்மா கணக்கு போட்டு வெச்சிக்கீறான். வான்கூவருன்னு ஒரு ஊர்ல எறங்கி, ஏர்போர்ட்டுலயே குந்தினு கெடந்து, ராத்திரி வேற பிளேனு புடிச்சி, அப்பால தான் டொரான்டோ. என் புள்ள சொன்னான்.

ஜெபர்சன். பெரியவன். ஆக்லாந்துல பெரிய பெரிய லாரிங்களுக்கு இன்ஜின் வேல பாக்கறான். இங்க தான்மா டிப்ளமா முடிச்சிட்டு ஒரகடத்துல கார் கம்பெனி லைன்ல வேல பாத்துனு நின்னான், நீ நிக்கறா மாதிரியே டேக் மாட்டிகினு. டொரான்டோல கீறது என் பொண்ணு ஷாலின். நர்ஸு. இன்னிக்கு அவன் அவ வூட்டுக்கு போறான். இந்நேரம் எறங்கிருக்கணும். எறங்கினா மெசேஜ் போடறேன்னான், இன்னும் வர்ல. அதான் கையும் ஓடல காலும் ஓடல, உன்னப் புடிச்சி தொந்தரவு குடுத்துகினு கீறேன்.

தொந்தரவு இல்லன்னு சொல்ற. நல்ல பொண்ணு நீ. எந்த ஊரு உனக்கு? தென்காசியா? அதான் பேச்சு வேற மாதிரி கீது. பேரு? ரஞ்சனி. நான் லூர்து மேரி. கோயிலத் தாண்டி உள்ள போனா குகை மாதிரி கட்டி செலை வெச்ச மாதா கெபி ஒன்னு வரும், அதுக்குப் பின்னால வூடு.

உனக்கு ஒன்னு சொல்றேன், சிரிப்ப. எங்க வூட்டு ஹால்ல ஒலக மேப்பு ஒன்னு மாட்டிக்கீது, ஷாலின் ஸ்கூல் படிக்கசொல்ல வாங்கனது. புள்ளைங்க ரெண்டும் போனப்பறம் அதுல ரெண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சேன். வலது பக்கம் கடசீல கீழ அவன். இடது பக்கம் மேல அவ. நடுவுல நம்ம ஊரு. ஸ்கேல வெச்சிப் பாத்தேன், அவனாண்டருந்து அவளாண்ட ஒரு கோடு போட்டா இலங்கைக்குக் கொஞ்சம் கீழ கடல்ல போவுது. கொஞ்சம் நவுத்துனா நம்ம ஊரு தான். சரி, என்னிக்காவது இவன் மனசு மாறி அவளப் பாக்கப் போனா, நம்மளத் தாண்டித் தான போவணும், போற வழில எறங்கி அம்மா கையால ஒரு வாய் சாப்ட்டுப் போவான்னு நெனச்சினு இருந்தேன். வருசக்கணக்கா அப்டித்தான் நெனச்சினு இருந்தேன், தெரியுமா?

போன வாரம் இவன் டிக்கெட் போட்டுட்டேன்னு சொல்லசொல்ல கேட்டேன். எப்படா மெட்ராஸ் வழியா போற, எத்தினி மணிக்குடா எறங்குவேன்னு. ஒரே சிரிப்பு. அம்மா, பிளேனு உன் பக்கமே வராதும்மா, மேப்புக்குப் பின்னாடியா போவுதுன்றான். மேப்புக்குப் பின்னாடி செவுரு தானடா கீதுன்னேன். ஆணிலருந்து கழட்டி சுருட்டிப் பாரும்மான்னான். போன கட்டில்ல வெச்சிட்டு, கழட்டி சுருட்டினேன். ரெண்டு ஓரமும் ஒன்னா சேந்துச்சி பாரு, அந்தப் பொட்டும் இந்தப் பொட்டும் ஒரே பக்கத்துல வந்து நிக்குது! நடுவுல வெறும் கடலு. இந்தியா எங்கன்னு தேடனா, அது அந்தாண்ட போய் என் உள்ளங்கைல மறைஞ்சினு கீது.

சிரிச்சேன் நானும். வேற இன்னா பண்றது.

அது மட்டும் இல்ல. இன்னொரு கூத்து கேளு. ராத்திரி எட்டு மணிக்கு பிளேனு ஏறினான். அவன் ஊரு ராத்திரி. வான்கூவர்ல எறங்கசொல்ல அதே நாளு மத்தியானமாம். அதே தேதி! ஏறினதுக்கு முன்னாடியே எறங்கிட்டான். கடல்ல ஒரு கோடு கீதாம், அத்தத் தாண்டனா ஒரு நாளு திரும்பக் கெடைக்குமாம். கேட்டவொடனே எனக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? இப்டி ஒரு பிளேனு எங்க வூட்டுக்காரரு செத்தப்ப ஷாலினுக்குக் கெடச்சிருக்கக் கூடாதான்னு தான் தோணுச்சி.

ஆமாம்மா. எட்டு வருசம் ஆவுது. அமிர்தநாதன்னு பேரு. இங்க கன்டெய்னர் யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினு இருந்தாரு. நின்னுனு இருந்தவரு அப்டியே ஒரு பக்கமா சாஞ்சிட்டாரு. பக்கவாதம். மூணு மாசம் படுக்கைல. ஜெபரு தான் தூக்கி வெப்பான், கழுவி வுடுவான். நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து, தூங்காம. ஷாலினு அப்ப தான் கனடா போன புதுசு. அவளுக்குப் பேப்பர் எல்லாம் வந்து சேர்ல. வெளிய கால வெச்சா திரும்ப உள்ள வுட மாட்டாங்கன்ற நெலம. தினம் போன்ல அப்பா காதாண்ட வெக்கச் சொல்லி பேசுவா. அவரு வாய் கோணிகினு இன்னாவோ சொல்லுவாரு. அவ புரிஞ்சா மாதிரி ம் ம்னுவா.

அவரு போனது ஒரு பிப்ரவரி மாசம். போன் பண்ணேன். பேப்பராவது ஒன்னாவது, கெளம்பிட்டேம்மா, நான் வர வரைக்கும் வெச்சிருங்கன்னா. ஐஸ் பெட்டி கொண்டாந்து வெச்சோம். அங்க பனி கொட்டுது, பிளேனு எடுக்கல. மறுநாள் எடுத்துச்சி. நடுவுல ஜெர்மனில எறங்கசொல்ல அடுத்த பிளேனு போய்டுச்சி. இன்னொன்னுத்துக்குக் காத்துகினு குந்தி... ஒன்னொன்னுத்துக்கும் எனக்கு மெசேஜு. அம்மா தோ ஏறிட்டேன், அம்மா தோ எறங்கிட்டேன். நான் வாசல்ல வந்தவங்க கிட்டல்லாம் தோ வந்துடுவா, தோ வந்துடுவான்னு சொல்லிகினு கீறேன்.

மூணாம் நாளு மத்தியானம் எங்க தெருவுல ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிடுச்சி. கரண்டு இல்ல. ஜெனரேட்டருக்கு ஆளு அனுப்பினோம், வர்ல. பெட்டி நின்னு போச்சு. பெரியவங்கல்லாம் ஜெபரப் புடிச்சிகினாங்க, இதுக்கு மேல வெக்கக் கூடாதுப்பா, ஃபாதரும் வந்துட்டாரு, எடுத்துடலாம்னு. அவன் தனியா உள்ள போய், கதவ சாத்திகினு, அவங்கப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னான். வெளிய வந்து, எடுங்கன்னு ஒரே வார்த்த.

அவ மீனம்பாக்கத்துல எறங்கி டாக்சி புடிச்சி நேரா கல்லறைக்கே வந்துட்டா. மண்ணு போட்டு ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சி. அவ சூட்கேஸ்ல அந்த ஏர்போர்ட்டு சீட்டு தொங்கினு கீது. கால்ல அந்த ஊரு பூட்ஸு. அந்த வெயில்ல பூட்ஸோட மண்ணுல குந்தினு, கையால மண்ணத் தடவிகினே அண்ணன நிமுந்து பாத்தா. ரெண்டு மணி நேரம் தாங்க முடியலியாடா உனக்குன்னா.

அவனும் மூணு நாளு தூங்காதவன். அவனுக்கு இன்னா வந்துச்சோ. படுக்கைல கெடந்தப்ப வராதவளுக்கு இப்ப இன்னாத்துக்கு மொகம் பாக்கணும்னு கேட்டுட்டான். எல்லாரு எதுர்லயும்.

அவ்ளோ தான் கண்ணு. அந்த ஒரு வார்த்த தான். சண்ட கூட இல்ல. அவ எழுந்து முட்டிய தொடச்சிகினா. ஏழாம் நாளு பூச முடிஞ்சி கெளம்பிப் போனா. அன்னிலருந்து அவன் கிட்ட ஒரு வார்த்த பேசல. அவனும் பேசல. அடுத்த வருசமே இவன் நியூசிலாந்துக்குப் போறேன்னு நின்னான். எவ்ளோவோ ஊரு கீது, அத்தப் போய் ஏன்டா புடிச்சன்னா, வேல கெடச்சிதுன்னான். எனக்கென்னமோ, அவ கீற எடத்துலருந்து எது ரொம்ப தூரமோ அத்தப் பாத்துப் புடிச்சான்னு தோணும்.

மொகம் அடையாளம் தெரியாம போய்ட்டாரும்மா அவரு. அதான் விஷயம். கதவ சாத்திகினு உள்ள போனானே, அப்ப பாத்துக்கீறான். அப்பா மொகம் கறுத்து உப்பி வந்துடுச்சாம். இந்த மொகத்தப் பாக்கறதுக்கா அவ அவ்ளோ தூரம் வரணும்னு தான் எடுக்கச் சொன்னான். எனக்கே ரெண்டு வருசம் கழிச்சி தான் சொன்னான், அதுவும் குடிச்சிட்டு. அத்த அவ கிட்ட சொல்லேன்டான்னேன். போன்ல சொல்ற விஷயமாம்மா அதுன்னான். நான் சொல்லட்டுமான்னா, வாணாம்னான்.

வாணாம்னு சொன்னத நான் எப்டி சொல்றது? அதனால ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி. காலைல ஏழு மணி கீது பாரு, அந்த ஒரு நேரம் தான் மூணு பேரும் முழிச்சினு இருப்போம். அவளுக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சிருக்கும், அவன் மத்தியான டீல இருப்பான். ஒருத்தர வெச்சிட்டு ஒருத்தரக் கூப்புடுவேன். நியூசிலாந்துல பூமி ஆடுச்சின்னு டிவில காட்டனா, அவ எனக்குப் போன் பண்ணுவா. அம்மா எல்லாரும் நல்லா கீறாங்களான்னு கேப்பா. எல்லாருன்னா யாரு? அங்க கீறது ஒருத்தன். இவனும் அப்டி தான். கனடால பனிப் புயலாமே, ஜனங்க பாவம்னுவான். எந்த ஜனம்டான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா அத்தயும் நிறுத்திடுவான்.

அப்பறம் நாளு பூரா நானு தான். போன வருசம் வரைக்கும் ஒரு கம்பெனில ஹவுஸ் கீப்பிங் போய்னு இருந்தேன், வயசாய்டுச்சின்னு நிறுத்திட்டாங்க. மாடில வடக்கத்திப் பசங்க வாடகைக்குக் கீறாங்க. அவங்க பாஷ எனக்கு வராது, நம்ம பாஷ அவங்களுக்கு வராது. வாசல்ல வுட்டுக்கீற செருப்பப் பாத்து தான் எத்தினி பேரு வூட்ல கீறாங்கன்னு தெரிஞ்சிக்குவேன். பண்டிக நாள்ல பாயசம் குடுத்தா கிண்ணத்த கழுவிக் குடுப்பாங்க, சிரிப்பாங்க. நல்ல பசங்க. ஆனா லாரி சத்தம் கேக்கற வூட்ல மனுச சத்தம் கேக்கலன்னா எப்டி இருக்கும் சொல்லு. உனக்கு ஹாஸ்டல்ல எத்தினி பேரு ரூம்ல? ஆறு பேரா. ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூட நேரம் இல்லியா? எல்லாம் வேற வேற ஷிப்டா. அது சரி. அப்ப நீயும் என்ன மாதிரி தான்.

எப்டி மனசு மாறினான்னு கேக்கறியா? மாறலம்மா. மாத்தினேன்.

ஒரு மாசம் முன்னாடி ஷாலினு வழுக்கி வுழுந்துட்டா. வாசப்படில ஐஸு. கால் எலும்பு ரெண்டு எடத்துல போய்டுச்சி. அவ வூட்டுக்காரரு பெரிய ட்ரக்கு ஓட்டறவரு, போனா நாலு நாளு அஞ்சு நாளு ஆவும் வர. சின்னக் கொழந்த ஒன்னு கீது, பொண்ணு. அம்மா நீ வந்து ஒரு ரெண்டு மாசம் இரும்மான்னா. அவ எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டா. கேட்டுட்டு அழுதா.

விசா கெடைக்கலன்னு சொல்லிட்டேன்.

ம்? கெடைக்கலன்னு சொல்லிட்டேன். அத்த வுடு.

இவன் என்னாடான்னா அதே நேரத்துல, அம்மா எனக்கு லீவு குடுத்துட்டாங்க, பிப்ரவரில உன்னப் பாக்க வரேன், மெட்ராஸுக்கு டிக்கெட் பாத்துனு கீறேன்றான். அஞ்சு வருசம் கழிச்சி வரேன்றான். நான் இன்னா பண்ணேன்? டேய், இங்க வராத, அந்த டிக்கெட்ட அப்டியே அந்தாண்ட போடு, உன் தங்கச்சி கால ஒடச்சிகினு கெடக்கறான்னேன். அவ கதவத் தெறக்க மாட்டாம்மான்னான். தெறக்கலன்னா திரும்பிப் போன்னேன். அவ்ளோ தூரம் போய் கதவாண்ட நின்னுட்டு திரும்பி வரச் சொல்றியான்னான். அவ கூட ஒரு நாளு அவ்ளோ தூரம் வந்து மண்ணப் பாத்துட்டு தானடா திரும்பிப் போனான்னேன்.

வாய்ல வந்துடுச்சி. சொல்லணும்னு சொல்லல. போன வெச்சிட்டான். ஒரு வாரம் பேசல. சரி, இவனும் போய்ட்டான்னு நெனச்சேன். அப்பறம் ஒரு நாளு காலைல அதே ஏழு மணிக்கு, அம்மா டிக்கெட் போட்டுட்டேன், அவ அட்ரெஸ் அனுப்புன்னான். அந்த ஊரு பாஸ்போர்ட்டு வாங்கிட்டான் இப்ப, அதனால கனடா போறதுக்கு ஒன்னும் பேஜாரு இல்லியாம்.

அவளுக்குத் தெரியாது. ஒத்தாசைக்கு நமக்கு வேண்டப்பட்ட ஆளு ஒருத்தர அனுப்பறேன், காலைல வருவாங்க, கதவத் தெறன்னு மட்டும் சொல்லிக்கீறேன். யாரும்மான்னா. வரசொல்ல பாருன்னேன்.

தோ, வண்டி நவுருது. அப்பாடா. மேம்பாலம் ஏறிட்டா அப்பறம் ஒன்னும் இல்ல, படப்பை வரைக்கும் விர்ருனு போய்டுவாரு.

போனு! இரு இரு. யாரு போட்டுக்கீறதுன்னு பாரு. ஷாலினா? வீடியோ காலா? எடுக்காத. எடுக்காத கண்ணு. பஸ்ஸப் பாத்துட்டா எங்கம்மா போறன்னு கேப்பா. அடிக்கட்டும். தானா நிக்கும்.

நின்னுடுச்சா. யேசப்பா. இன்னாத்துக்கு பண்ணியிருப்பா? உள்ள வுட்டாளோ இல்லியோ. வெளிய மைனஸ் பதினஞ்சுன்னு காலைல அவளே சொன்னா. இவன் வேற மெலிசா ஒரு ஜாக்கெட்டோட தான் போறான், அவன் ஊர்ல இப்ப வெயில் காலம்.

வாய்ஸ் மெசேஜ் வந்துக்கீதா? போடு. மெள்ள வையி, காதாண்ட கொண்டா. இல்ல, நீயும் கேளு. ஒண்டியாக் கேக்க பயமாக் கீது.

இரு, திரும்பப் போடு. பஸ்ஸு சத்தத்துல பாதி கேக்கல.

ஷூ. ஷூவ கழட்டாம உள்ள வந்துட்டானாம். பனியெல்லாம் வூட்டுக்குள்ள கொட்டி, தரை பூரா தண்ணியாம். கால கட்டிகினு கீற நான் இத்த எப்டித் தொடைக்கறது, உன் புள்ளைக்கு எப்ப தான் புத்தி வரும்ன்றா. ஒரு போன் பண்ணக் கூடாதா, இந்தக் குளிருல இந்தத் துணியோடவா வருவாங்க, காது பாரு செவந்து போயிக்கீதுன்றா. திட்றாம்மா! கேட்டியா, திட்றா அவன! பின்னால அவன் கொரலு கேட்டுச்சே, இன்னா சொல்றான்? எனக்கு சரியா கேக்கல. நீ சொல்லு.

மாப்பு எங்கடி வெச்சிக்கீறன்னு கேக்கறானா?

டி போட்டுக் கேக்கறான்.

எட்டு வருசம் கண்ணு. நீ எதுக்குக் கண்ணத் தொடைக்கற, பைத்தியம். தோ, இந்தத் துண்ட எடுத்துக்கோ. நான் அழலயே பாரு. அப்பா மொகத்தப் பத்தின அந்த விஷயம் சொல்லுவான் மெதுவா. தரையத் தொடச்சி, டீ கீ குடிச்சி, கொழந்த எழுந்து யாரு இதுன்னு கேட்டு, எல்லாம் ஆனப்பறம். ஒரு மாசம் லீவு போட்டுக்கீறான். அவசரம் இல்ல.

இரு, நான் ஒரு வார்த்த பேசி அனுப்பிடறேன். இத்த அழுத்திப் புடிச்சினு பேசணும், அவ்ளோ தான? புடி.

ஷாலினு, அம்மா பேசறேன்மா. ஜபக் கூட்டத்துல குந்தினு கீறேன், அதான் எடுக்கல. அவனத் திட்டாத, பசியோட வந்திருப்பான், மொதல்ல எதுனா சூடாக் குடு. நான் ராத்திரி நம்ம பங்கு ஜனங்களோட வேளாங்கண்ணி கெளம்பறேன். ரெண்டு மூணு நாளைக்குப் போன அணைச்சி வெச்சிடுவேன், தேடாதீங்க. ரெண்டு பேருக்கும் வேண்டிகினு வரேன். வெச்சிடறேன்.

போச்சா? ரெண்டு டிக்கு வந்துடுச்சா? சரி.

இன்னா அப்டிப் பாக்கற? இல்ல கண்ணு, வேளாங்கண்ணி எல்லாம் இல்ல. படப்பைக்கு முன்னாடி ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங் ஒன்னு வருது பாரு, அங்க தான் எறங்கறேன். நாளைக்குக் காலைல ஆபரேசன். மார்ல ஒரு கட்டி. நவம்பர் மாசமே பாத்துட்டாங்க, மொதல்ல பயந்துகினு, அப்பறம் இவன் கெளம்பட்டும், கெளம்பட்டும்னு நான் தான் தள்ளிகினே வந்தேன். டாக்டரம்மா ஒரே சத்தம். விசாவெல்லாம் நான் கேக்கவே இல்லம்மா, எங்க கேக்கறது.

சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஓடி வந்துருப்பாங்க, எனக்குத் தெரியாதா? கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் நின்னுகினு, எம்மொகத்த மட்டும் பாத்துனு இருப்பாங்க. பேச மாட்டாங்க. எனக்கு எதுனா ஒன்னு ஆயிட்டா, மறுபடி யாரு மொதல்ல வந்தா, யாரு வர்லன்னு... வாணாம் சாமி. ஒரு தடவ பாத்தது போதும்.

கூட வர ஆளுங்க இல்லாம இல்ல. பக்கத்து வூட்டு சுந்தராம்பாளு கிட்ட சொன்னா பத்து நிமிசத்துல ஆக்லாந்துக்குப் போய்டும், அவ மவன் ஜெபரோட ஒன்னாப் படிச்சவன். கோயில்ல சிஸ்டரு கிட்ட சொன்னா மைக்குல பேரச் சொல்லி வேண்டிக்குவாங்க. எந்தப் பக்கம் போனாலும் வாட்ஸ்அப் கீது. அதான்.

பயப்படாத, கூட நின்னு பாத்துக்க ஒரு ஆயாம்மா ஏற்பாடு பண்ணிட்டேன். துட்டும் கட்டியாச்சி. ஒன்னே ஒன்னு தான் கொறயுது. அட்மிஷன்ல ஒரு பேரும் போன் நம்பரும் கேக்கறாங்க. எதுனா ஆச்சுன்னா யாருக்குச் சொல்றதுன்னு. போன தடவ கேட்டப்ப நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன். உன் நம்பரு குடுக்கட்டா?

நீ யோசிச்சி சொல்லு. இஷ்டம் இல்லன்னா வாணாம், நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன். பஸ்ல குந்தி ஒரு மணி நேரம் ஆன பழக்கத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி தான்.

குடுக்கறியா. நல்லா இரு தாயி. தோ, இதுலயே ஏத்திடு. ரஞ்சனின்னே போடு. ஒறவு இன்னான்னு கேப்பாங்க. பொண்ணுன்னு சொல்ல மாட்டேன், பொண்ணு கீறா. தெரிஞ்சவங்கன்னு சொல்லிக்கறேன். நெசம் தான அது?

நீ எதுக்கு எழுந்துக்கற? குந்து, குந்து. ஹாஸ்டல்ல கேட்ட சாத்திடப் போறாங்க. காலைல ஷிப்டு கீதுன்ன. பைய மட்டும் எடுத்துக் குடு. கண்டக்டரே, ஆஸ்பத்திரி எறங்கணும்பா, நிப்பாட்டச் சொல்லு.

கேளு கண்ணு, இத்த மட்டும் கவனமாக் கேட்டுக்கோ. உனக்குப் போன் வர்லன்னா நான் நல்லா கீறேன்னு வெச்சிக்கோ. வர்றதுக்கு வேல இருக்காது. வந்துச்சின்னா, ஷாலின் நம்பரு தோ இதுல கீது, நீயே உன் போன்ல ஏத்திக்கோ, அதுக்குப் பண்ணு. பண்ணி, அவ கிட்ட ஒண்டியா சொல்லிடாத. உங்கண்ணன் பக்கத்துல கீறாரான்னு மொதல்ல கேளு. இல்லன்னா கூப்புடச் சொல்லு, வர வரைக்கும் இரு. ரெண்டு பேரும் வந்தப்பறம் ஸ்பீக்கர்ல போடச் சொல்லிட்டு, அப்பறம் சொல்லு.